பொய்யான எஸ்டி சான்றிதழில் பிஎச்டி சேர்ந்தவரைத் தெரியும், நான் என்ன செய்ய வேண்டும்? (மும்பை)

தாராவிக்காரன் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள், சுருக்கிச் சொன்னால் விஷயம் தப்பாகப் புரிந்துவிடும்.

மும்பையில் மத்திய அரசு நிதியில் நடக்கும் ஒரு நிறுவனத்தில் பிஎச்டி மூன்றாம் வருடம் படிக்கிறேன். தாராவியில் பிறந்து வளர்ந்தவன், தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் வேலைக்கு வந்த குடும்பம். நான் பழங்குடி இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் துறையில் போன வருடம் 14 இடம். மத்திய அரசின் எஸ்டி ஒதுக்கீடு 7.5 சதவீதம், ஆக 14 இடத்தில் ஒன்றே ஒன்று. அந்த ஒன்றில் சேர்ந்தவன் என் ஜூனியர், நம் தமிழ்ப் பையன். நல்லவன்தான், பழகுவதற்கு இனிமையானவன், மாட்டுங்காவுக்குக் காபி குடிக்கப் போகும்போதெல்லாம் கூட வருவான். அப்படிப் போன ஒரு நாள் பேச்சோடு பேச்சாக அவனே சொன்னான். ஊரில் அவர்கள் நிலபுலத்தோடு இருக்கும் குடும்பம். அப்பாவுக்கு அரசு வேலை வேண்டும் என்று தாத்தா 1980-களில் தாசில்தார் அலுவலகத்தில் ஆள் பிடித்து எஸ்டி சான்றிதழ் வாங்கினாராம். சாதிப் பெயரில் பாதி ஒரு பழங்குடியின் பெயரோடு ஒத்துப்போவதால் யாரும் எதுவும் கேட்கவில்லை. அப்பாவின் சான்றிதழைக் காட்டி இவனும் வாங்கிவிட்டான். "எங்க வீட்ல ஒருத்தரும் மலையே ஏறினதில்லண்ணே" என்றான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. வீட்டுக்குப் புது வண்டி வாங்கின கதை சொல்வது போலத்தான் சொன்னான்.

காத்திருப்புப் பட்டியலில் அவனுக்கு அடுத்த பெயர் எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுடையது. நீலகிரியில் பந்தலூர்ப் பக்கம், பணியர் என்ற பழங்குடி. எம்ஏ படிக்கும்போது ஒரு கோடைக்கால கணக்கெடுப்பில் இரண்டு மாதம் ஒன்றாக வேலை செய்தோம். அவள் அம்மா இன்னும் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறார். அவர்கள் குடியிருப்பில் எம்ஏ முடித்த முதல் ஆள் அவள். இடம் கிடைக்கவில்லை என்றதும் "எனக்கு இன்டர்வியூவில் சரியாகப் பேச வரவில்லை" என்று சொன்னாள், இன்றைக்கும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறாள். அவன் கை வைத்தது சீட்டில் மட்டுமில்லை. பழங்குடி மாணவர்களுக்கான தேசிய உதவித்தொகை நாடு முழுவதற்கும் வருடத்துக்கு 750 பேருக்குத்தான், அதற்கும் விண்ணப்பித்திருக்கிறான்.

இனி என் தப்பு. இதை வயிற்றில் வைத்துக்கொள்ள முடியாமல், பெயர் சொல்லாமல், ஒரு பேராசிரியரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னேன். மூன்று வாரம் கழித்து ஒரு அறிவிப்பு வந்தது: எஸ்டி ஒதுக்கீட்டில் சேர்ந்த எல்லா மாணவர்களும் தாத்தா காலத்து ஆவணங்களோடு 15 நாளில் அலுவலகத்துக்கு வர வேண்டும். ஜவ்ஹாரிலிருந்து வந்த ஒரு வார்லி நண்பன் (மகாராஷ்டிரப் பழங்குடி), அவன் கையில் மகாராஷ்டிர அரசின் வேலிடிட்டி சான்றிதழே (சாதிச் சான்றிதழ் உண்மைதான் என்று குழு ஆராய்ந்து கொடுப்பது) இருக்கிறது, ஆய்வறிக்கையின் கடைசி அத்தியாயத்தை அப்படியே போட்டுவிட்டு ஊருக்கு ஓடினான், தாத்தா பள்ளிக்கூடமே போகாதவர், எங்கிருந்து ஆவணம் கொண்டுவருவான்? அலுவலகத்தில் ஒருவர் "இதிலே எத்தனை பேர் அசல், யாருக்குத் தெரியும்" என்று அவன் காதுபடவே சொல்லியிருக்கிறார். என் ஜூனியரோ அப்பாவின் 1980-களின் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ், எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு அழகாகக் கொடுத்துவிட்டு அன்றே திரும்பி வந்தான்.

எனக்கு இரவு தூக்கம் வரவில்லை. புகார் எழுதலாமா? எழுதினால் யாருக்கு, எப்படி? எழுதினால் மறுபடியும் அடி உண்மையானவர்கள் மேலேயே விழுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பழைய_கிளார்க்

தம்பி, நான் மும்பையில் ஒரு கல்லூரியில் ஒதுக்கீட்டுப் பிரிவில் 22 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், இப்போது சயான் கோலிவாடாவில் இருக்கிறேன். இந்த மாதிரி கோப்புகள் எத்தனையோ பார்த்தாயிற்று.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள். மகாராஷ்டிராவில் சான்றிதழ் வேறு, வேலிடிட்டி வேறு. இங்கே சாதிச் சான்றிதழை ஆராய்வதற்கென்றே 2001-ஆம் வருடத்தின் 23-ஆம் சட்டம் இருக்கிறது. உண்மையை நிரூபிக்கும் பொறுப்பு சான்றிதழ் வைத்திருப்பவருடையது, பொய் என்று முடிவானால் சீட்டும் பட்டமும் போகும், ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை சிறையும் உண்டு. ஆனால் அந்தச் சட்டப்படி ஆராயும் குழு பார்ப்பது மகாராஷ்டிரச் சான்றிதழ்களை. உன் ஜூனியருடையது தமிழ்நாட்டுச் சான்றிதழ். மாநில அரசுக் கல்லூரி என்றால் அது இங்கே செல்லவே செல்லாது, ஒரு மாநிலத்துப் பழங்குடி இன்னொரு மாநிலத்தின் ஒதுக்கீட்டைக் கேட்க முடியாது என்று 1990-லேயே உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது, அந்த வழக்கே பரேலில் உள்ள மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்ட ஆந்திர மாணவர் ஒருவருடையதுதான். மத்திய நிறுவனத்தில் எந்த மாநிலச் சான்றிதழும் செல்லும். செல்லட்டும், அது நியாயம்தான். ஆனால் சரிபார்ப்பு? இங்கிருந்து ஊருக்கு ஒரு கடிதம் போகும், பதில் வராது, இவர்களும் நினைவூட்டமாட்டார்கள், அதற்குள் பையன் பட்டம் வாங்கிவிடுவான். இந்த இரண்டு மாநிலத்துக்கும் நடுவில்தான் உண்மை தொலைகிறது.

இந்த வியாதி எப்படி வந்தது என்றும் சொல்கிறேன். முன்பு பல பழங்குடிகளுக்குக் குறிப்பிட்ட மாவட்டம், தாலுகா என்று எல்லை போட்டுத்தான் பட்டியல் இருந்தது. 1976-ல் ஒரு திருத்தச் சட்டம் வந்து மாநிலத்துக்குள் அந்த எல்லையை எடுத்தது. நல்ல எண்ணத்தோடு எடுத்ததுதான், பிழைப்புக்காக அடுத்த மாவட்டம் போன ஆதிவாசி எப்படி ஆதிவாசி இல்லாமல் போவான்? ஆனால் பெயர் ஒத்துப்போகிறவர்கள் எல்லாம் அந்த வாசல் வழியாக உள்ளே வந்தார்கள். மகாதேவ் கோலி பழங்குடி, வேறு கோலிகள் பழங்குடி இல்லை. ஹல்பா பழங்குடி, நெசவு செய்யும் கோஷ்டிகள் 'ஹல்பா கோஷ்டி' என்று எழுதிக்கொண்டு வந்தார்கள். 1994-ல் மாதுரி பாட்டீல் வழக்கில் மகாதேவ் கோலி என்று சொல்லி மருத்துவப் படிப்புக்கு வந்த இரு சகோதரிகளின் விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது, அப்பாவின் பள்ளிப் பதிவேட்டில் 'இந்து கோலி' என்று இருந்தது. அந்தத் தீர்ப்பில்தான் எல்லா மாநிலத்திலும் ஸ்க்ரூட்டினி கமிட்டி, அதாவது சான்றிதழை ஆராயும் குழு, வைக்கச் சொன்னார்கள். 2000-ல் மிலிந்த் வழக்கில் ஹல்பா கோஷ்டி பழங்குடி இல்லை என்று தீர்ப்பு, ஆனால் அந்த மருத்துவர் வாங்கின பட்டத்தை விட்டுவைத்தார்கள். அந்த ஒரு சலுகையைக் காட்டியே பதினேழு வருடம் எத்தனையோ பேர் தப்பித்தார்கள். 2017-ல்தான் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது, எத்தனை வருடம் சர்வீஸ் போட்டிருந்தாலும் சரி, பொய்ச் சான்றிதழில் வந்தது நிற்காது. அதன் பிறகும் என்ன நடந்தது? மகாராஷ்டிர அரசு 2019 டிசம்பரில் அப்படிப்பட்டவர்களைக் கூடுதல் பதவி உருவாக்கி 11 மாத அடிப்படையில் உட்கார வைத்தது. சுமார் 12,500 பதவிகள் என்று அப்போது கணக்குச் சொன்னார்கள். பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு ஆதிவாசிக் குடும்பம் என்று படித்துப் பார் தம்பி, வயிறு எரியும்.

சரி, உன் விஷயம். வாய்வார்த்தை வேண்டாம். வாயால் சொன்னது வதந்தியாகத்தான் போகும், அலுவலகம் தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ள எல்லோரையும் வரிசையில் நிறுத்தும், உன் இடத்தில் நடந்ததும் அதுதான். எழுத்தில் கொடு, உன் பெயரோடு கொடு, ஒரு ஆளைப் பற்றி மட்டும், நீ நேரில் கேட்டதை மட்டும் எழுது. உன் யூகத்தை எழுதாதே. ஒரு நகல் நிறுவனத்தின் எஸ்சி எஸ்டி தொடர்பு அதிகாரிக்கு, இன்னொன்று சென்னையில் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறைக்கு, அவர்களிடம்தான் மாநில அளவிலான கூர்நோக்குக் குழு இருக்கிறது. தமிழ்நாட்டில் 1989 நவம்பர் வரை தாசில்தாரே எஸ்டி சான்றிதழ் கொடுக்கலாம், அதற்குப் பிறகுதான் கோட்டாட்சியர் கைக்குப் போனது. அவன் அப்பாவுடையது அந்தக் காலத்துத் தாசில்தார் சான்றிதழ் என்றால் மெய்த்தன்மை விசாரணைக்கு அதுவே நல்ல காரணம். உன் வார்லி நண்பனையும் ஒரு கடிதம் கொடுக்கச் சொல். வேலிடிட்டி கையில் இருப்பவனிடம் தாத்தாவின் ஆவணம் கேட்க அந்த அலுவலகத்துக்கு என்ன அதிகாரம்? குழு விசாரித்து முடித்த விஷயம் அது.

---

மலைக்காரி

தம்பி, நான் இருளர், நீலகிரிதான். பயோகெமிஸ்ட்ரி எம்எஸ்சி முடித்துவிட்டு ஏழு வருடமாக இங்கே காட்கோபரில் இருக்கிறேன், ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை. கேள்வியைப் படித்ததும் அந்தப் பணியப் பெண்ணின் முகம்தான் கண் முன்னால் வந்தது, நான் பார்த்ததே இல்லை என்றாலும்.

எனக்குச் சான்றிதழ் வாங்க இரண்டு வருடம் ஆனது. பத்தாவது முடித்ததும் விண்ணப்பித்தேன், பன்னிரண்டாவது முடியும்போது வந்தது. விசாரணைக்கு வந்தவர் என்னிடம் கேட்டார், "உனக்குப் பாம்பு பிடிக்கத் தெரியுமா?" என்று. பாம்பு பிடிப்பவர்கள் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள், வடநெம்மேலியில் 1978-லிருந்து அவர்களுக்கு ஒரு கூட்டுறவுச் சங்கமே இருக்கிறது. நாங்கள் மலை இருளர், எங்களுக்குத் தேன் தெரியும், கிழங்கு தெரியும், ராகி தெரியும். தெரியாது என்று சொன்னேன், அவர் எதையோ எழுதிக்கொண்டார். அப்புறம் அப்பாவுக்கு நான்கு முறை கூலியை விட்டுவிட்டு மலை இறங்க வேண்டியிருந்தது. கடைசியில் ஒரு ஆசிரியர் கூட வந்து நின்றதால் கிடைத்தது. பழக்க வழக்கத்தைக் கேட்டு மட்டுமே பழங்குடியா இல்லையா என்று முடிவு கட்டக்கூடாது என்று 2023-ல் உச்ச நீதிமன்றமே சொன்னதை இரண்டு வருடம் முன்பு ஒரு செய்தியில் படித்தபோது அன்றைக்கு அந்த மேசைக்கு முன்னால் நின்றது ஞாபகம் வந்து அழுதுவிட்டேன்.

பொய்ச் சான்றிதழ்க்காரர்களிடம் காகிதம் எப்போதும் சரியாக இருக்கும். காகிதம் வாங்கத் தெரிந்தவர்கள்தானே பொய்ச் சான்றிதழே வாங்குகிறார்கள். காட்டில் பிறந்த எங்கள் தாத்தாவுக்குப் பிறந்த தேதியே கிடையாது, பட்டா கிடையாது, பள்ளிப் பதிவேடு கிடையாது. ஆக அலுவலகம் எவ்வளவுக்குக் காகிதத்தை இறுக்குகிறதோ அவ்வளவுக்கு எங்களில் பாதிப்பேர் வெளியே நிற்போம், அவர்கள் உள்ளே இருப்பார்கள். 2022 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில், மகனுக்குச் சான்றிதழ் கிடைக்கவில்லை என்று மலைக்குறவர் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் தீக்குளித்து இறந்தார், ஞாபகம் இருக்கிறதா? அந்த மனிதரையும் உங்கள் ஜூனியரின் பிளாஸ்டிக் உறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் எங்களுக்கு 1 சதவீதம். நூறு இடத்தில் ஒன்று. அதை 36 பழங்குடிகள் பகிர்ந்துகொண்டிருந்தோம், இப்போது நரிக்குறவர், குருவிக்காரர் மக்களும் சேர்ந்திருக்கிறார்கள், சேர்ந்தது எனக்குச் சந்தோஷம், அவர்கள் எத்தனை காலம் கேட்டார்கள். வேறு ஒதுக்கீட்டில் ஒரு பொய் ஆள் வந்தால் பத்தில் ஒன்று போகும், எங்களுக்கு மொத்தமும் போகும். அந்த வருடம் அந்த வகுப்பில் பழங்குடியே இல்லை என்று ஆகிவிடும். ஆனால் கணக்கில் "எஸ்டி இடம் நிரம்பியது" என்று இருக்கும். அடுத்த வருடம் யாராவது ஏன் மலைப் பிள்ளைகள் வரவில்லை என்று கேட்டால், வந்தார்களே, இதோ பட்டியல் என்று காட்டுவார்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய கொடுமையாகப் படுகிறது.

இன்னொன்று. அவர்களுக்குக் கல்யாணப் பத்திரிகையில் ஒரு சாதி, விண்ணப்பத்தில் ஒரு சாதி. பெண் பார்க்கப் போகும்போது அந்தச் சான்றிதழை யாரும் எடுத்துக்கொண்டு போவதில்லை. எனக்கு அப்படி இரண்டாவது சாதி கிடையாது. வாடகைக்கு வீடு கேட்கும்போதும் நான் இருளர்தான், வேலை இடத்தில் டிபன் பாக்ஸைத் திறக்கும்போதும் இருளர்தான். "உன்னைப் பார்த்தால் டிரைபல் மாதிரியே தெரியவில்லையே, அசல்தானா?" என்று கூட வேலை செய்கிற பெண் ஒரு நாள் சிரித்துக்கொண்டே கேட்டாள். ஏன் அப்படிக் கேட்டாள் என்றால் அவளுக்குத் தெரிந்த ஒரு பொய் ஆள் இருந்திருக்கிறார். அவர் செய்ததற்கு நான் பதில் சொன்னேன்.

எங்கள் ஊரில் ஒரு புது ஆள் வந்து நானும் இருளன்தான் என்றால் எங்கள் பாட்டி காகிதம் கேட்கமாட்டார். எந்த ஊர், என்ன குலம், யார் வீட்டுப் பிள்ளை, உன் அத்தையை எங்கே கட்டிக்கொடுத்தார்கள் என்று கேட்பார். ஒரு வெற்றிலை போட்டு முடிக்கும் நேரம் போதும், அவருக்குத் தெரிந்துவிடும். இந்தப் பாட்டிகளை ஏன் எந்தக் குழுவும் கேட்பதில்லை? புகார் எழுதுங்கள் தம்பி. அதில் இதையும் எழுதுங்கள், அந்தப் பையன் எந்தப் பழங்குடி என்று சொல்கிறானோ அந்த மக்களின் ஊர்களுக்குப் போய் இவர்கள் உங்கள் உறவா என்று கேட்கச் சொல்லி.

---

பவாய்_ஏரிக்கரை

நான் கனடாவில் ஐந்து வருடம் படித்துவிட்டுத் திரும்பியவன். அங்கே இதே பிரச்சினை வேறு உருவத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது, கொஞ்சம் சொல்கிறேன், ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

அங்கே பூர்வகுடி மக்கள் 2021 கணக்கெடுப்பில் 18 லட்சம், மக்கள்தொகையில் 5 சதவீதம். பூர்வகுடிக் குழந்தைகளைப் பிரித்து வைத்த உறைவிடப் பள்ளிகளைப் பற்றி விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015-ல் அறிக்கை கொடுத்த பிறகு பல்கலைக்கழகங்கள் பூர்வகுடிப் பேராசிரியர்களை வேலைக்கு எடுக்க ஆரம்பித்தன. நல்ல காரியம். ஆனால் பல இடங்களில் சான்றிதழ் எதுவும் கேட்கவில்லை, விண்ணப்பத்தில் நான் பூர்வகுடி என்று ஒரு கட்டத்தில் டிக் போட்டால் போதும். கேட்பதே அவமரியாதை என்று நினைத்தார்கள். 2021 அக்டோபரில் சஸ்காச்சுவான் பல்கலைக்கழகப் பேராசிரியர் கேரி புராசா பற்றி கனடாவின் பொது ஒளிபரப்பு நிறுவனமான சிபிசி ஒரு புலனாய்வு வெளியிட்டது. அவர் மேட்டி, அனிஷினாபே, டிலிங்கிட் என்று மூன்று பூர்வகுடி வழிகளைச் சொல்லிக்கொண்டவர், நாட்டின் பூர்வகுடி சுகாதார ஆராய்ச்சி நிறுவனத்துக்கே அறிவியல் இயக்குநர். வம்சாவளியைத் தோண்டிப் பார்த்தால் முன்னோர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த விவசாயிகள். முதலில் விடுப்பில் அனுப்பினார்கள், 2022 ஜூனில் வேலையை விட்டார். அப்புறம் வரிசையாக வந்தது. 2023-ல் மெமோரியல் பல்கலைக்கழகத்தின் தலைவர் பதவி இழந்தார். அதே வருடம் அமெரிக்காவில் பெர்க்லி பேராசிரியர் ஒருவர், நான் வெள்ளைக்காரிதான், வாழ்நாள் முழுக்கத் தப்பாகச் சொல்லிக்கொண்டேன் என்று பகிரங்கமாக எழுதி மன்னிப்புக் கேட்டார்.

இன்னொரு வழக்கு இன்னும் மோசம். டொராண்டோக்காரத் தாய் ஒருவர் தன் இரட்டை மகள்களை இன்யூட் குழந்தைகளைத் தத்தெடுத்தது போலப் பொய் சொல்லி, இன்யூட் பூர்வகுடிகள் வாழும் வடக்குப் பகுதியான நூனவூட்டின் பட்டியலில் சேர்த்து, படிப்பு உதவித்தொகையாக ஒன்றரை லட்சம் டாலருக்கு மேல் வாங்கினார். 2024-ல் மூன்று வருடச் சிறை. அங்கே ஒரு பொய்க்குச் சிறை வரை போனது அபூர்வம், அதனால் பெரிய செய்தியானது.

மலைக்காரி சொன்னதோடு நான் ஒன்று சேர்க்கிறேன். அங்கே பொய் ஆட்களால் போனது வெறும் வேலை இல்லை. அவர்கள் கமிட்டிகளில் உட்கார்ந்து பூர்வகுடி மக்களின் பெயரால் பேசினார்கள், எந்த ஆராய்ச்சிக்குப் பணம் போக வேண்டும் என்று முடிவு செய்தார்கள். இடம் போனது ஒன்று, வாய் போனது இன்னொன்று. எனக்குத் தெரிந்த ஒரு கிரீ பூர்வகுடி மாணவி அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது. அவள் தன் பாட்டியின் உறைவிடப் பள்ளிக் கதையை, குடும்பத்துக்கு வெளியே யாரிடமும் சொல்லாததை, இப்படி ஒருவரை மூத்தவர் என்று நம்பிச் சொல்லியிருந்தாள். சீட் போனால் அடுத்த வருடம் முயற்சி செய்யலாம், இதை எப்படித் திரும்ப வாங்குவது?

சரி, எல்லோரிடமும் காகிதம் கேட்டுவிடலாமே என்றால் அங்கேயும் அதே முட்டுக்கட்டைதான். உறைவிடப் பள்ளிகள் ஒன்றரை லட்சம் குழந்தைகளை வீட்டிலிருந்து பிரித்தெடுத்தன. பூர்வகுடி அல்லாதவரைக் கல்யாணம் செய்த பெண்கள் 1985 வரை சட்டப்படி தங்கள் அடையாளத்தையே இழந்தார்கள், அவர்கள் பிள்ளைகளும். இவர்களிடம் போய் அட்டை காட்டு என்றால்? சஸ்காச்சுவானில் ஜீன் தெய்யே என்ற மேட்டி வழக்கறிஞரை வைத்து ஒரு அறிக்கை வாங்கினார்கள், 2022-ல் வந்தது. இப்போது பல பல்கலைக்கழகங்களில் சரிபார்ப்பை அந்தந்த மக்களின் அமைப்புகளோடு சேர்ந்து செய்ய ஆரம்பித்திருக்கிறார்கள். நீ யார் என்று நீ சொல்வது போதாது, உன்னைத் தங்கள் ஆள் என்று சொல்ல ஒரு சமூகம் வேண்டும். மலைக்காரியின் பாட்டி கேட்கிற அதே கேள்விதான், கடல் தாண்டி.

---

ஓசூர்ப்பையன்

எல்லோரும் சொன்னது சரி. ஒரு எச்சரிக்கை மட்டும். பெயர் ஒற்றுமை இருந்தாலே பொய் என்று கிளம்பிவிடாதீர்கள். எங்கள் சமூகத்தின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை, எங்களைப் போலவே பெயர் உள்ள இன்னொரு சாதி இருக்கிறது, அவர்கள் எஸ்டி இல்லை, நாங்கள் எஸ்டி. என் பெரியப்பா மேல் யாரோ மொட்டைக் கடிதம் போட்டார்கள். விசாரணை பதினோரு வருடம் இழுத்தது. அதற்குள் அவர் ஓய்வு பெற்றுவிட்டார், பென்ஷனில் பாதியை நிறுத்தி வைத்தார்கள். கடைசியில் உண்மையான சான்றிதழ்தான் என்று உத்தரவு வந்தபோது அவருக்குக் கண் சரியாகத் தெரியாது, நான்தான் படித்துக் காட்டினேன். இரண்டு தடவை படிக்கச் சொன்னார்.

அதனால் பெயர் போட்டு எழுதுங்கள் அண்ணே, மொட்டைக் கடிதம் மட்டும் போடாதீர்கள். தப்பாக இருந்தால் பதில் சொல்ல நீங்கள் இருக்க வேண்டும். அந்தப் பையனிடமும் ஒரு தடவை நேரில் சொல்லிவிடுங்கள், தானாக விலகுகிறானா என்று பாருங்கள்.

---

தாராவிக்காரன்

எல்லோருக்கும் நன்றி. பதில்களை அச்செடுத்து வைத்துக்கொண்டு மூன்று நாள் யோசித்தேன்.

ஓசூர்ப்பையன் சொன்னபடி அவனிடம் நேரில் பேசினேன். முதலில் சிரித்தான், அப்புறம் கோபப்பட்டான். "நான் விலகினா அந்த சீட் காலியாத்தான் கெடக்கும், யாருக்கு லாபம்?" என்றான். நடுவருடத்தில் காலியான இடத்தை நிரப்பமாட்டார்கள் என்பது அவனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. பந்தலூர்ப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, பிறகு "அப்பாகிட்ட கேக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனான். பத்து நாள் ஆயிற்று, போனை எடுப்பதில்லை.

கடிதம் எழுதிவிட்டேன். ஒன்றரைப் பக்கம், மாட்டுங்காவில் அவன் சொன்னதை மட்டும், தேதியோடு. ஊர் மக்களிடம் விசாரிக்க வேண்டும் என்ற மலைக்காரி அக்காவின் கோரிக்கையைக் கடைசிப் பத்தியில் சேர்த்திருக்கிறேன். வார்லி நண்பன் தனியாக ஒரு கடிதம் எழுதினான், பொது அறிவிப்பைத் திரும்பப் பெறச் சொல்லி. அதில் ஒதுக்கீட்டில் வராத நாங்கள் 31 பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

பந்தலூர்ப் பெண்ணுக்கு போன் செய்தேன். இன்டர்வியூவில் நீ சரியாகத்தான் பேசினாய், இடம் போனதற்குக் காரணம் வேறு என்று மட்டும் சொன்னேன், முழுவதும் சொல்ல இன்னும் தைரியம் வரவில்லை. அடுத்த விண்ணப்பம் எப்போது திறக்கும் என்று கேட்டாள்.

பழைய கிளார்க் ஐயா, எந்தத் தபாலில் அனுப்ப வேண்டும்? நகல் எத்தனை வைக்க வேண்டும்?

---

பழைய_கிளார்க்

ஸ்பீட் போஸ்ட், போய்ச் சேர்ந்ததற்கான சான்றோடு. நிறுவனத்துக்கு நேரில் போய்க் கொடு, இன்வர்டு முத்திரையும் எண்ணும் உன் நகலில் வாங்காமல் திரும்பாதே. மூன்று நகல் வை. 30 நாளில் பதில் இல்லையென்றால் அந்த எண்ணைப் போட்டு ஆர்டிஐ எழுதுவோம், வரைவு நான் தருகிறேன்.